யுகுலேலேவுக்கு ஸ்ட்ரிங் மாற்றும் முன்

என் பட்டறைக்கு வரும் யுகுலேலேக்களில் பலவற்றுக்கு ஒரே கதைதான். பிரிட்ஜ், அதாவது மேல்பலகையில் ஒட்டி ஸ்ட்ரிங்குகளின் அடி முனையைப் பிடித்திருக்கும் துண்டு, பின்பக்கம் தூக்கிக்கொண்டிருக்கும். அடியில் ஒரு தாளை நுழைத்தால் உள்ளே போகும். என்ன ஸ்ட்ரிங் போட்டீர்கள் என்று கேட்டால், பழையது அறுந்துவிட்டது, கடையில் கிட்டார் ஸ்ட்ரிங் கொடுத்தார்கள், அதில் நான்கை எடுத்து மாட்டினோம் என்பார்கள். கொண்டு வருபவர் பெரும்பாலும் அம்மாவோ அப்பாவோ; பக்கத்தில் முகம் வாடிப்போய்ப் பிள்ளை நிற்கும். இது முழுக்கத் தவிர்க்கக்கூடிய சேதம். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

யுகுலேலே எடை குறைவாகச் செய்யப்பட்ட வாத்தியம். மேல்பலகையின் கனம் இரண்டு மில்லிமீட்டர் இருந்தாலே அதிகம். 1879-இல் மதேரா தீவிலிருந்து ஹொனலுலுவுக்குக் கப்பலேறி வந்த போர்த்துகீசியத் தச்சர்கள், தங்கள் ஊரின் சின்னக் கிட்டாரை வைத்துத்தான் இதை உருவாக்கினார்கள். அன்று அதில் கட்டியது குடல் நரம்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த இடத்துக்கு நைலான் வந்தது. இரண்டுமே மெதுவாக இழுப்பவை. நான்கு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து பிரிட்ஜை இழுப்பது சுமார் 15 முதல் 20 கிலோ. எஃகுக் கம்பி போட்ட கிட்டாரிலோ 'லைட்' என்று விற்கும் செட்டே 70 கிலோவைத் தாண்டும். அந்த செட்டின் நான்காவது கம்பியை யுகுலேலேவின் நான்காவது இடத்தில் மாட்டி, அதற்குரிய ஜி என்ற சுருதிக்கு ஏற்றப் பார்த்தால், கணக்குப்படி அந்த ஒரு கம்பியின் இழுப்பே 25 கிலோவுக்கு வந்துவிடும். பசை எப்படித் தாங்கும்? பிரிட்ஜ் தப்பித்தாலும் எஃகு சும்மா இருக்காது. தலைப்பக்கம் ஸ்ட்ரிங் பதியும் பள்ளங்கள் உள்ள பிளாஸ்டிக் துண்டான நட்டையும், பிரிட்ஜில் ஸ்ட்ரிங் ஏறி நிற்கும் துண்டான சாடிலையும் அறுத்துக்கொண்டே போகும். எஃகுக் கம்பிக்கென்றே செய்த மின்சார யுகுலேலேக்கள் உண்டு. அவை வேறு வகை. உங்களுடையது அதுவா என்று சந்தேகம் வந்தாலே, இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, யுகுலேலே ஸ்ட்ரிங் என்று கேட்டே வாங்குகிறீர்கள். அப்போதும் அளவைப் பார்க்க வேண்டும். நட்டிலிருந்து சாடில் வரை ஒரு டேப்பை வைத்து அளந்துவிடுங்கள். 33 முதல் 35 சென்டிமீட்டர் என்றால் சோப்ரானோ, 38-ஐ ஒட்டி இருந்தால் கன்சர்ட், 43-ஐ ஒட்டி இருந்தால் டெனர், 50-ஐ ஒட்டி இருந்தால் பாரிடோன். ஒரே ஸ்ட்ரிங்கை ஒரே சுருதிக்கு ஏற்றினாலும், சோப்ரானோவில் இருப்பதைப் போல டெனரில் ஒன்றரை மடங்கு இழுக்கும். டெனர் செட்டைச் சோப்ரானோவில் போட்டால் தொளதொளவென்று இருக்கும், ஒலியில் உயிர் இருக்காது. சோப்ரானோவுக்கும் கன்சர்ட்டுக்கும் பொதுவாக வரும் செட்டுகள் நிறைய; அவற்றை நம்பி வாங்கலாம். பாரிடோன் மட்டும் தனி. அதன் சுருதியே டி, ஜி, பி, ஈ. கிட்டாரின் முதல் நான்கு ஸ்ட்ரிங்கின் சுருதி. மற்ற மூன்றும் ஜி, சி, ஈ, ஏ.

இங்கேதான் பலர் கவனிக்காத ஓர் ஆபத்து இருக்கிறது. மற்ற மூன்று அளவுகளிலும் வழக்கமான கட்டுமுறையில் நான்காவது ஸ்ட்ரிங்கான ஜி தாழ்ந்த சுருதி கிடையாது. அது சி, ஈ இரண்டையும்விட மேலே இருக்கும், அதிர்வெண் 392 ஹெர்ட்ஸ். 'லோ ஜி' என்ற இன்னொரு வகை செட்டில் அதே எழுத்து, ஆனால் ஒரு ஸ்தாயி கீழே, 196. இரண்டு உறைகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். லோ ஜி ஸ்ட்ரிங்கை மாட்டிவிட்டு மேல் ஜி-க்கு ஏற்றினால் இழுவிசை நான்கு மடங்காகும். ஸ்ட்ரிங் அறுந்தால் அதிர்ஷ்டம், அறாமல் தாங்கினால் பிரிட்ஜுக்குக் கேடு. யுகுலேலேவின் தலையில் கவ்வவைத்துச் சுருதி பார்க்கும் ட்யூனர் கருவிகளில் பல எழுத்தை மட்டும்தான் காட்டும், எந்த ஸ்தாயி என்று சொல்லாது. சி-யையும் இப்படி ஒரு ஸ்தாயி மேலே ஏற்றிக் கொண்டு வந்தவர்கள் உண்டு. புது ஸ்ட்ரிங்குக்குச் சுருதி சேர்க்கும்போது முதலில் காதை நம்புங்கள். கைப்பேசியிலோ கீபோர்டிலோ நடு சி-யை ஒலிக்கவிட்டு, மூன்றாவது ஸ்ட்ரிங்கை அதோடு ஒப்பிடுங்கள். மற்றவை அங்கிருந்து தானாக அமையும். திருகத் திருக ஸ்ட்ரிங் கல் போல இறுகுகிறது, எழுத்து இன்னும் வரவில்லை என்றால் நிறுத்துங்கள். நீங்கள் அந்தச் சுருதியைத் தாண்டிவிட்டிருக்கலாம்.

எந்தப் பொருள் நல்லது என்பது ரசனையைப் பொறுத்தது, ஆனாலும் என் பரிந்துரையைச் சொல்லிவிடுகிறேன். நைலான் இதமான ஒலி. ஆனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், மழைக்காலத்தில் சுருதி நழுவிக்கொண்டே இருக்கும். ஃபுளோரோகார்பன் என்ற செயற்கை இழை ஈரத்தை அநேகமாகத் தொடாது. அடர்த்தி அதிகம் என்பதால் அதே சுருதிக்கு மெல்லிய ஸ்ட்ரிங்கே போதும். நைலான் கிட்டத்தட்ட கால் பங்கு கூடுதல் தடிமனாக இருக்க வேண்டும். ஒலியும் தெளிவாக, கொஞ்சம் கூர்மையாக இருக்கும். கடலோர ஊர்க்காரர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். இத்தாலியின் அக்விலா நிறுவனம் நைல்கட் என்று ஒன்று செய்கிறது. குடல் நரம்பின் அடர்த்தியை ஒத்த செயற்கை இழை அது. விலை குறைந்த யுகுலேலேவில்கூட ஒலியை எடுப்பாக்கும். தூண்டில் நரம்பிலும் ஃபுளோரோகார்பன் உண்டு, அதை மாட்டலாமா என்று கேட்பார்கள். மாட்டலாம், ஆனால் ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் சரியான விட்டம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர்கள் செட்டாக வாங்குவதே சுலபம்.

மாட்டுவதற்கு வருவோம். நான்கையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். பல யுகுலேலேக்களில் சாடில் ஒட்டப்படாமல் சொருகப்பட்டிருக்கும். எல்லா ஸ்ட்ரிங்கும் போனால் கீழே விழும், திரும்ப எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாது. ஒன்றைக் கழற்றி அந்த இடத்தில் புதிதை மாட்டி, பிறகு அடுத்ததுக்குப் போங்கள். அதற்கு முன் பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தடித்த அட்டையை மேல்பலகையோடு சேர்த்து ஒட்டிவிடுங்கள். முடிச்சு வழுக்கினால் ஸ்ட்ரிங்கின் நுனி சவுக்கு மாதிரி அடித்துப் பலகையில் குழி போடும்.

பிரிட்ஜில் கீறல் போல இடுக்குகள் இருந்தால் வேலை எளிது. ஸ்ட்ரிங்கின் நுனியில் முடிச்சுப் போட்டு இடுக்கில் சொருக வேண்டியதுதான். மெல்லிய ஏ ஸ்ட்ரிங்குக்கு மட்டும் இரட்டை முடிச்சு. துளைகள் இருந்து கட்டவேண்டிய வகை என்றால் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஒலித்துளை பக்கமிருந்து நுழைத்து, பின்னால் ஒரு விரல் நீளம் வெளியே இழுத்து, மேலாக முன்னே கொண்டுவந்து, அதே ஸ்ட்ரிங் துளைக்குள் போகும் இடத்தில் அதன் அடியில் நுழைத்து, மறுபடி பின்னே கொண்டுபோய் அந்த வளையத்துக்குள் செருகுங்கள். கடைசிச் செருகல் பிரிட்ஜின் பின் முகத்தில் அமர வேண்டும், மேல் முகத்தில் அல்ல. கட்டு அவிழ்ந்து வருபவற்றில் பெரும்பாலும் அது மேலேயே நின்றிருப்பதைப் பார்க்கிறேன். பின்னால் அமர்ந்தால் இழுக்க இழுக்கத் தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும். ஏ ஸ்ட்ரிங் வழவழப்பு என்பதால் அதற்கு இன்னொரு சுற்று செருகுங்கள்.

தலைப்பக்கம் இரண்டு மூன்று சுற்று போதும். சுற்றுகள் மேலிருந்து கீழாக, ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்க வேண்டும். அப்போதுதான் நட்டின் மேல் ஸ்ட்ரிங் அழுந்தி நிற்கும். ஐந்தாறு சுற்று ஏற்றினால் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி, தினமும் சுருதி கலைந்துகொண்டே இருக்கும்.

நட்டை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். புது ஸ்ட்ரிங் பழையதைவிடத் தடிமனாக இருந்தால் பள்ளத்தில் இறங்காமல் விளிம்பில் தொற்றிக்கொண்டு நிற்கும். லோ ஜி-க்கு மாறுபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. அதன் விளைவு, முதல் இரண்டு ஃப்ரெட்டுகளில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) சுருதி கூடிக் கேட்கும், வாசிப்பவர் தன் விரலைத்தான் குறை சொல்லிக்கொள்வார். பள்ளத்தை அகலப்படுத்துவது அதற்கான அரத்தில் செய்கிற வேலை; உப்புத்தாளோ கத்தியோ வேண்டாம். ஒரு இழை ஆழம் கூடினாலும் விரல் வைக்காமல் மீட்டும்போதே ஸ்ட்ரிங் ஃப்ரெட்டில் பட்டு அதிரும், பிறகு நட்டையே மாற்ற வேண்டியிருக்கும். சுருதி ஏற்றும்போது 'டிக் டிக்' என்று சத்தம் வந்து சுருதி குதித்தால் அது பள்ளத்தில் சிக்குகிறது என்று அர்த்தம். பென்சிலைக் கூராக்கிப் பள்ளத்துக்குள் நன்றாகத் தேய்த்தாலே பெரும்பாலும் சரியாகும்.

புது ஸ்ட்ரிங் முதல் சில நாட்கள் நீண்டுகொண்டே இருக்கும். சுருதி சேர்த்து அரை மணி நேரத்தில் இறங்கிவிடும். இது குறையில்லை, இந்தப் பொருட்களின் இயல்பு. நடுவில் பிடித்து மெதுவாக மேலே இழுத்துவிட்டு மறுபடி சேர்த்தால் சீக்கிரம் அடங்கும். குழந்தைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் வாத்தியம் கெட்டுவிட்டது என்று மூலையில் வைத்துவிடுவார்கள். ஸ்ட்ரிங் அடங்கிய பிறகே மிச்ச நுனியை வெட்டுங்கள். ஒரு வாரம் கடந்தும் இறங்கினால் தலையில் ஸ்ட்ரிங்கைச் சுற்றும் திருகியைப் பாருங்கள். பல்சக்கரம் இல்லாத, நேராகத் திருகும் வகையில் குமிழின் நுனியில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதைக் கால் சுற்று இறுக்கினால் போதும்.

எப்போது மாற்றுவது என்பதற்கு நாள் கணக்கு இல்லை. ஸ்ட்ரிங்கின் அடிப்பக்கம் நகத்தை ஓட்டுங்கள், ஃப்ரெட் படும் இடங்களில் பள்ளம் தட்டுப்பட்டால் மாற்றிவிடலாம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே விரலால் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலியும், அதே ஃப்ரெட்டை அழுத்தி மீட்டும் ஒலியும் முன்பு பொருந்தி, இப்போது பொருந்தவில்லை என்றால் அதுவும் ஸ்ட்ரிங் தேய்ந்ததன் அடையாளம்.

இதைப் படிக்கும்போதே உங்கள் யுகுலேலேவின் பிரிட்ஜுக்கு அடியில் தாள் நுழைகிறதா என்று ஒருமுறை பாருங்கள். நுழைந்தால் உடனே நான்கு ஸ்ட்ரிங்கையும் தளர்த்திவிடுங்கள். ஃபெவிகுவிக் மாதிரியான பசையை மட்டும் ஊற்றாதீர்கள். அது மரத்துக்குள் ஊறி இறுகிவிடும், இழுப்பில் மறுபடி விடும், அதைச் சுரண்டி எடுக்கும்போது மரமும் சேர்ந்து வரும். முறையான வேலை என்பது பிரிட்ஜை முழுதாக எடுத்து, பழைய பசையைச் சுத்தம் செய்து, மரப்பசை வைத்து இரவு முழுக்கக் கிளாம்ப் போட்டு வைப்பது. தூக்க ஆரம்பித்ததுமே பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனால் பலகையின் நார் பிய்வதற்குள் அதைச் செய்துவிடலாம்.