தாழியில் கிடைக்கும் பல்லைக் கழுவாதீர்கள்

தாமிரபரணிக் கரையில் முதுமக்கள் தாழி ஒன்றைத் திறந்து தாடையெலும்பு கிடைத்தால், மண்ணைக் கழுவிப் பல்லைப் பளிச்சென்று பார்க்கத்தான் கை பரபரக்கும். பிரஷ் போட்டுத் தேய்த்தால் மண்ணோடு பற்காரையும் போய்விடும். அந்த மனிதர் எதைத் தின்றார், ஈறு நோய் இருந்ததா என்பதற்கான சாட்சி அதில்தான் இருக்கிறது.

எச்சிலிலுள்ள கால்சியம் பாஸ்பேட் பல்லில் படிந்து இறுகுவதே காரை. எச்சில் சுரக்கும் இடத்தையொட்டி, கீழ் முன்பற்களின் உட்புறமும் மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கமும் அது தடிமனாக இருக்கும். இறுகும்போதே பாக்டீரியா, உணவுத் துணுக்கு, உடலின் எதிர்ப்புப் புரதங்கள் எல்லாம் உள்ளே சிக்கிக்கொள்கின்றன. நம் வெயிலில் டிஎன்ஏ சீக்கிரம் சிதையும். புரதம் அதைவிடத் தாக்குப்பிடிக்கும்.

மாதிரிக்கு 5 முதல் 10 மில்லிகிராம் போதும், அரை அரிசி கனம். முதலில் புகைப்படம் எடுங்கள். பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை போடுங்கள். ரப்பர் கையுறையில் ரப்பர் மரத்தின் புரதம் இருக்கும். கிருமி நீக்கிய ஸ்கேலரால் (பல் மருத்துவர் காரை சுரண்டும் கருவி) காரையைப் பெயர்த்து சிறு குழாயில் போட்டு மூடுங்கள். அதே தாழி மண்ணிலும் ஒரு சிட்டிகை தனிக் குழாயில் வேண்டும். மண்ணிலிருந்து வந்தது எது என்று பிறகு பிரித்தறிய அதுதான் உதவும். உடைந்த தாடையை ஒட்ட வச்சிரப் பசை தடவினால் மாட்டுக் கொலாஜன் ஏறிவிடும். மாதிரி எடுக்கும் மேசைப் பக்கம் பால் டீ வரவே கூடாது. ஈரம் காயாத எலும்பை பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும், நிழலில் உலரட்டும்.

ஆய்வகத்தில் ஈடிடிஏ கரைசல் தாதுவைக் கரைக்கும். டிரிப்சின் நொதி லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் இருக்கும் இடங்களில் புரதத்தை வெட்டும். துண்டுகளின் நிறையை நிறைமாலைமானி (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) அளக்கும்; அதை வைத்து எந்தப் புரதம் என்று கண்டறியலாம். கூடவே மாதிரியில்லாத வெற்றுக் குழாய் ஒன்றும் அத்தனை படிகளையும் கடக்க வேண்டும். அதிலும் புரதம் தெரிந்தால் அது ஆய்வகத்து அழுக்கு.

பால் விஷயத்தில் நிதானம் தேவை. பீட்டா லாக்டோகுளோபுலின் என்ற பால் புரதம் தாய்ப்பாலில் கிடையாது. காரையில் அது இருந்தால் கால்நடைப் பால்தான். அதன் ஒரு துண்டில் ஒரே இடத்தில் அமினோ அமிலம் விலங்குக்கு விலங்கு மாறும்: பசுவுக்கு அஸ்பார்டிக் அமிலம், செம்மறிக்கு அஸ்பரஜின், வெள்ளாட்டுக்கு லைசின். ஆனால் காலப்போக்கில் அஸ்பரஜின் தானே அஸ்பார்டிக் அமிலமாக மாறும். அப்போது செம்மறிப் பால் பசும்பாலாகத் தெரியும்! எருமையும் இந்த இடத்தில் பசுவைப் போலவே இருப்பதால், இந்த ஒரு துண்டை நம்பி 'பசும்பால்' என்று எழுதுவது தவறு.

இஸ்ரேலின் மெகிதோவில் கிறிஸ்துவுக்கு முந்தைய இரண்டாம் ஆயிரமாண்டைச் சேர்ந்தவர்களின் காரையில் எள், மஞ்சள் புரதங்களும் கிடைத்தன. தூத்துக்குடி மாவட்டச் சிவகளைத் தாழியில் கிடைத்த நெல் உமி ஏறத்தாழ 3,200 ஆண்டு பழையது; அது செத்தவருக்குப் படைத்தது. அவர் உயிரோடு இருந்தபோது மென்றதைப் பல்தான் சொல்லும். தாவரப் புரதம் எளிதில் தங்காது என்பதால், காரையில் நெல் தெரியவில்லை என்றால் சோறு தின்னவில்லை என்று முடிவுகட்டக் கூடாது.

வீட்டுக்கு வானம் தோண்டும்போது தாழி தட்டுப்பட்டால் பல்லைப் பிடுங்காமல், மண்ணோடு அப்படியே மூடிவைத்து கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். ஏற்கெனவே கழுவிய தாடை என்றாலும் ஒதுக்கிவிடாதீர்கள். பற்களின் இடுக்கில் லென்ஸ் வைத்துப் பாருங்கள், காரை மிச்சமிருக்கலாம்.