காணாமல் போன கொள்ளுத்தாத்தாவை யாருடைய பதிவேட்டில் தேடுவது?

குடும்ப வரலாறு தேடிக் கொடுப்பது என் தொழில். வருகிறவர்களில் பெரும்பாலானோர் கையில் ஒரே மாதிரியான வம்சாவளிப் படம் இருக்கும். நாலைந்து தலைமுறை வரிசையாக எழுதியிருப்பார்கள். ஒரு பெயருக்குக் கீழே மட்டும் எதுவும் இருக்காது. கேட்டால், "பினாங்கு போனார்", "கண்டிச் சீமைக்குப் போயிட்டார்", "கப்பலேறிட்டார்" என்பார்கள். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்தோ மொரிஷியஸின் போர்ட் லூயிஸிலிருந்தோ எழுதுகிறவர்களிடம் இதே படம் தலைகீழாக இருக்கும். கீழே பிள்ளை, பேரன், பேத்தி எல்லாரும் உண்டு. உச்சியில் கப்பலேறி வந்த ஒருவர் இருப்பார். அவருக்கு மேலே வெற்றிடம்.

இரண்டு பக்கத்தாரும் கேட்பது ஒன்றுதான்: அவர் பெயர் எங்கே கிடைக்கும்? நான் முதலில் வேறொன்றைக் கேட்கச் சொல்கிறேன். அவரை எழுதி வைக்கும் தேவை யாருக்கு இருந்தது?

பழைய பதிவேடு எதுவும் நமக்காக எழுதப்பட்டதில்லை. வரி வாங்க எழுதினார்கள், கடனை வசூலிக்க எழுதினார்கள், ஒப்பந்தத்தை மீறி ஓடினால் பிடிப்பதற்காக எழுதினார்கள். ஊரில் நிலம் வைத்திருந்தவர் பெயர் வருவாய்க் கணக்கில் ஏறியது, ஏனென்றால் தீர்வை கட்ட வேண்டியவர் அவர். நிலமில்லாத கூலியாள், சொத்தில் பங்கில்லாத மகள், பஞ்சத்தில் ஊரை விட்டு நகர்ந்த குடும்பம் ஆகியோரை எழுதி வைக்க ஊரில் எவருக்கும் அவசியம் இல்லை. கப்பலேறியவர்களில் பெரும்பகுதி இவர்கள்தான். அதனால் ஊர்க் கணக்கிலிருந்து தேடலைத் தொடங்குகிறவர்கள் சீக்கிரமே சோர்ந்துபோகிறார்கள். போய் இறங்கிய இடத்திலிருந்து பின்னோக்கி வருவதுதான் சரியான வழி.

இன்று தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நேட்டாலை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே இறங்கினார்கள். அவர்களின் பயணச் செலவுக்குப் பணம் போட்டவர்கள் கரும்புத் தோட்ட முதலாளிகள். போட்ட பணத்துக்கு ஐந்து ஆண்டு உழைப்பு வந்தாக வேண்டும். ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடலில் உள்ள அடையாளம் எல்லாவற்றையும் எழுதினார்கள். சொந்த ஊரில் ஒரு வரிகூடப் பெறாத மனிதருக்கு அந்நிய நாட்டில் ஒரு முழு வரி கிடைத்தது. காரணம் வேதனையானது. ஆனால் இன்று நமக்குப் பிடிமானம் அந்த வரிதான்.

அப்படி ஒரு வரியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஆண், வயது 25, வட ஆற்காடு ஜில்லா, ஆரணி தாலுகா, இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு. கிராமத்தின் பெயர் எழுதிய இடத்தில் மை ஊறிப்போய் முதல் இரண்டு எழுத்துகளைத் தவிர எதுவும் தெரியவில்லை. இங்கேதான் பலர் தேடலை விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். அந்த வரிக்கு மேலே பத்து வரி, கீழே பத்து வரி படியுங்கள். ஆள் சேர்ப்பவர்கள் ஒரே வட்டாரத்தில் திரட்டிக் கூட்டமாகத்தான் சென்னை டிப்போவுக்கு, அதாவது கப்பலேறும்வரை தங்கவைக்கும் முகாமுக்கு, அழைத்து வந்தார்கள். எண்களும் பெரும்பாலும் அந்த வரிசையில்தான் விழுந்தன. அண்ணன் தம்பி, மாமன் மச்சான், பக்கத்துத் தெருக்காரர் எல்லாரும் அடுத்தடுத்த எண்களில் இருப்பார்கள். உங்கள் ஆளின் ஊர் படிக்க முடியாமல் போயிருக்கலாம். இரண்டு எண் தள்ளி நிற்பவரின் ஊர், அதே இரண்டு எழுத்தில் தொடங்கி, தெளிவாக இருக்கும். நான் செய்த வேலையில் தீர்ந்த சிக்கல்களில் பல இப்படித் தீர்ந்தவைதான்.

வயதை அப்படியே நம்ப வேண்டாம். எழுத்தர் ஆளைப் பார்த்து உத்தேசமாகப் போட்டதுதான் பெரும்பாலும். அதனால்தான் 20, 25, 30 என்று முழு எண்களாக வருகின்றன. சாதி எழுதிய இடமும் அப்படித்தான். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு "இவர் நம்ம ஆள் இல்லை" என்று தள்ளிவிடாதீர்கள். ஜில்லா பெயரை இன்றைய வரைபடத்தில் தேடுவதும் வீண். அன்றைய வட ஆற்காடு இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பிரிந்து கிடக்கிறது. 1911இல் சித்தூர் தனி மாவட்டமானபோது அதன் ஒரு பகுதி அங்கே போய், இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. சேலம் என்று எழுதியிருந்தால் தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் மூன்றையும் சேர்த்துத் தேட வேண்டும்.

இன்னொரு உதவி, பதிவின் கடைசியில் உள்ள குறிப்பு. இறந்தார், இன்ன கப்பலில் ஊர் திரும்பினார் என்பதெல்லாம் அங்கே இருக்கக்கூடும். திரும்பிப் புறப்பட்டவர் வீடு வந்து சேராத கதைகளும் உண்டு. சென்னையில் இறங்கி, ஊருக்குப் போக மனமில்லாமல் அங்கேயே தங்கியவர்கள், மறுபடி வேறொரு நாட்டுக்குக் கப்பலேறியவர்கள். நேட்டாலில் ஒரு பதிவு முடிந்த ஆள், சில ஆண்டு கழித்து ஃபிஜிப் பதிவில் தலைகாட்டலாம். ஃபிஜிக்குச் சென்னையிலிருந்து 1903 முதல் ஆட்கள் போனார்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குடியேற்றச் சீட்டு உண்டு. அதில் நெருங்கிய உறவினர் யார் என்பதற்கும் ஓர் இடம் இருக்கிறது. ஊரில் விட்டுவந்த அண்ணனின் பெயரோ தாயின் பெயரோ அதில் இருந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மொரிஷியஸ் பதிவேடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. அங்கேயும் எண்தான் சாவி. பிற்காலத்தவர்களுக்குப் புகைப்படமும் உண்டு. ஒன்றை நினைவில் வையுங்கள்: நம் வழக்கப்படி தகப்பன் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறும், அங்கே மாறாத குடும்பப் பெயர் கேட்டார்கள். அதனால் இன்று குடும்பப் பெயராக நிற்பது, பல வீடுகளில், முதலில் இறங்கியவரின் சொந்தப் பெயரோ அவருடைய தகப்பன் பெயரோதான். காதில் விழுந்தபடி ஐரோப்பிய எழுத்தில் எழுதிய பெயர் அது. வாய்விட்டுப் படியுங்கள், தமிழ்ப் பெயர் வெளியே வரும்.

புதுச்சேரி, காரைக்கால் வழியாக ரீயூனியன், மார்தினிக், குவாதலூப் போனவர்களுக்குப் பிரெஞ்சுக்காரரின் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகள் இருக்கின்றன. ஏக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த நிலங்களின் ஆவணக் காப்பகம் பழைய ஏடுகளை இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. திருமணப் பதிவில் தாய் தகப்பன் பெயரைக் கேட்டு எழுதுவது அவர்கள் வழக்கம். ஞானஸ்நானம் பெற்றவர்கள் பெயர் மாறியிருக்கும், அதைக் கவனியுங்கள். பழைய பெயரோடு ஒருவர் மறைகிற ஆண்டும், புதிய பெயரோடு ஒருவர் தோன்றுகிற ஆண்டும் ஒன்றாக இருந்தால் இருவரும் ஒருவரா என்று சோதிக்க வேண்டும்.

இலங்கைக்கும் மலாயாவுக்கும் போனவர்கள் கதை வேறு. அங்கே ஆள் சேர்த்தவர் கங்காணி. எழுத்து அவர் கையில் இருந்தது, எழுதியது கடனுக்காக. ஆரம்ப காலத்தில் மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து மலையகம் போனவர்களில் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். அவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் கிடையாது. தோட்டம் போய்ச் சேர்ந்தவர்களுக்குச் செக்ரோல் என்ற வேலைநாள், கூலிக் கணக்கு இருந்தது, ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது கடனைச் சொல்லும் துண்டு இருந்தது. இவற்றில் மிஞ்சியது குறைவு. ஆனால் இலங்கைக் குடும்பங்களுக்குப் பிற்காலத்தில் ஒரு பெரிய எழுத்துச் சுமை வந்தது. 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. அப்புறம் 1949 சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்கள் எத்தனை காலமாக அங்கே வாழ்கிறோம் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. அப்படி வந்த வீடுகளில் இன்னும் பெட்டிக்கடியில் பழைய பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் கிடக்கின்றன. தாத்தாவின் பூர்விக ஊர் அதில் எழுதியிருப்பதை வீட்டுப் பிள்ளைகளே பார்த்திருக்க மாட்டார்கள். தயவுசெய்து அவற்றை எடுத்துப் படம் பிடித்து வையுங்கள். கரையான் காத்துக்கொண்டிருக்காது.

மலாயாவில் எனக்கு மிகவும் கனமாக இருக்கும் கேள்வி, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதை பற்றியது. 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. போர்க்கைதிகளை அவரவர் படை எழுதி வைத்திருந்தது, அதனால் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. ரப்பர் தோட்டங்களிலிருந்து பிடித்துப் போன தமிழர்களை எழுத யாரும் இல்லை. இறந்த ஆசியத் தொழிலாளர் எண்ணிக்கையே மதிப்பீடுதான். ஏறத்தாழ 90,000 என்பது அடிக்கடி சொல்லப்படுவது. "எங்கள் தாத்தாவின் பெயர் பட்டியலில் இருக்கிறதா?" என்று கேட்கிறவர்களிடம் அப்படி ஒரு முழுப் பட்டியல் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. பட்டியல் தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள். செய்யக்கூடியது ஒன்று உண்டு. எந்தத் தோட்டம், எந்த மாதம், யாரோடு போனார், திரும்பி வந்தவர்களில் யார் என்ன சொன்னார் என்பதை உயிரோடு இருக்கும் பெரியவர்களிடம் கேட்டு இப்போதே எழுதுங்கள். இந்த விஷயத்தில் அவர்கள் வாய்ச்சொல்தான் ஆவணம்.

பெண்கள் மறைவது இன்னொரு விதம். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தக் கூலி முறையின் விதி. அந்த எண்ணிக்கையை நிரப்பப் போனவர்களில் தனியாகக் கிளம்பியவர்கள் நிறைய. கைம்பெண்கள், அடி தாங்காமல் புகுந்த வீட்டை விட்டு வந்தவர்கள், பஞ்சத்தில் எல்லாரையும் இழந்தவர்கள். ஊரில் இருந்தவர்கள் "செத்துப் போனாள்" என்று சொல்லி முடித்துவிட்டார்கள். வம்சாவளிப் படத்தில் ஏற்கெனவே மகள்களுக்கு இடமில்லை. ஆக இரண்டு முறை அழிந்த பெயர் அது. கப்பல் பதிவேட்டில் அவளுக்கென்று தனி எண், தனி வரி இருக்கிறது. "பாட்டி சிறுவயதிலேயே இறந்துவிட்டார்" என்று வீட்டில் சொல்வதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாமல், இறந்த ஊர், ஆண்டு, கருமாதி செய்தது யார் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் தேட இடம் இருக்கிறது.

இந்தப் பக்கத்து ஊர்க் கணக்கைப் பிறகு பாருங்கள் என்றேனே தவிர, பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கிராமம் தெரிந்த பிறகு அது பயன்படும். போனவர் பெயர் பட்டாவில் இராது, அண்ணன் பெயர் இருக்கலாம். பத்திரப் பதிவு இங்கே 1860களிலிருந்தே நடக்கிறது. பழைய பாகப்பிரிவினைப் பத்திரங்களில் "தேசாந்திரம் போய்த் தகவல் இல்லாத" சகோதரரைப் பற்றி ஒரு வரி வரும். அவருடைய பங்கை என்ன செய்வது என்று எழுதியாக வேண்டுமே! மூலப்பத்திரங்களை நில விவரத்துக்காக மட்டும் புரட்டுகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மரபணுச் சோதனை பற்றியும் கேட்கிறார்கள். இருவர் உறவா என்று அது சொல்லும், ஊர் எது என்று சொல்லாது. அத்தை மகன், மாமன் மகள் என்று தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே மணம் முடித்த குடும்பங்களில், தூரத்து உறவும் நெருங்கிய உறவாகக் கணக்கில் வரும். "மூன்றாம் தலைமுறைச் சொந்தம்" என்று வந்தால் ஆறாவதாகவும் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு ஆவணத்தோடு பொருத்திப் பாருங்கள்.

பெயரும் தகப்பன் பெயரும் பொருந்தியவுடன் ஆளைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைப்பதுதான் நான் பார்க்கும் பெரிய ஆபத்து. முனுசாமி மகன் ராமசாமி ஒரே கப்பலில் இரண்டு பேர் இருந்திருக்கலாம். எண், ஊர், கூட வந்தவர்கள், வேலை செய்த தோட்டம் என்று பெயரோடு சம்பந்தமில்லாத இரண்டு தடயமாவது ஒத்துப்போனால்தான் நான் ஒப்புக்கொள்வேன். வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டைக்காக இப்போது அவசரமாகத் தேடுகிறவர்கள் அதிகம். "ஒரு வாரத்தில் பூர்விக ஊர்ச் சான்று" என்று விற்பவர்களும் கூடவே முளைக்கிறார்கள். அவர்களிடம் அசல் ஆவணத்தைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், நகல் போதும். கண்டுபிடித்ததாகச் சொல்லும் பதிவின் படத்தையும் எண்ணையும் கேளுங்கள்.

சரி, ஊர் கிடைத்துவிட்டது, போய்ப் பார்க்கலாம் என்று கிளம்புகிறீர்கள். அங்கே இருப்பவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து திடீரென்று வந்து நிற்கும் பங்காளி மகிழ்ச்சிக்கு முன் பயத்தைத்தான் தருவார். நிலத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறார் என்றே முதலில் நினைப்பார்கள். அதனால் நேரே வீட்டுக் கதவைத் தட்டாமல், ஊரில் மதிப்புள்ள ஒருவர் மூலம் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். சொத்து பற்றி எந்தக் கேள்வியும் இல்லை என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். பட்டா, பத்திரம் எதையும் முதல் நாள் கேட்காதீர்கள். கப்பல் பதிவின் நகலைக் கொண்டுபோய், அதில் உள்ள தகப்பன் பெயரை அந்த வீட்டின் மூத்தவரிடம் படித்துக் காட்டிவிட்டு, அவரைப் பேச விடுங்கள்.