எரிமலை மண்ணில் திராட்சைக்கு என்ன கிடைக்கிறது?

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது ராயபுரத்திலும் பெரம்பூரிலும் சில வீடுகளில் பரணிலிருந்து பீங்கான் ஜாடி இறங்கும். பன்னீர் திராட்சை, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு. வாயைத் துணியால் கட்டி மூன்று வாரம் இருட்டு மூலையில் வைத்துவிடுவார்கள். (உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதை நம் மாநிலச் சட்டம் ஏற்பதில்லை, நான் செய்முறை சொல்ல வரவில்லை.) இதே வீடுகளுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் கொண்டுவரும் பாட்டில் சிலவற்றில் ‘எரிமலை மண்ணில் விளைந்தது’, ‘ஆர்கானிக்’ என்று பெருமையாக அச்சிட்டிருக்கும். படித்ததும், நெருப்பும் கந்தகமும் பாறைச் சத்தும் அந்த ஒயினுக்குள் இறங்கியிருக்கும் என்று தோன்றும். விற்பவர்களுக்கும் அப்படித் தோன்றினால் லாபம்தான். ஆனால் எரிமலை மண் திராட்சைக்குச் செய்யும் பெரிய உபகாரம் ருசியைவிடத் தண்ணீர் சம்பந்தப்பட்டது.

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அருகே, ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவுகளில் லான்சரோட்டே என்று ஒரு தீவு. 1730 முதல் 1736 வரை, ஆறு வருடம் அங்கே எரிமலை கக்கியது. நல்ல விளைநிலம் எல்லாம் கருப்புச் சரளைக்கு அடியில் போய்விட்டது. அந்தத் தீவில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 150 மில்லிமீட்டர். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி சென்னையில் ஒரே நாளில் கொட்டியது அதைவிட அதிகம். இவ்வளவு வறண்ட இடத்தில், அதுவும் சரளைக்கு அடியில் புதைந்த நிலத்தில் என்ன விளையும்?

திராட்சை விளைந்தது. விவசாயிகள் சரளையைப் புனல் வடிவத்தில் தோண்டி, அடியில் இருக்கும் பழைய மண்ணைத் தொட்டு, குழிக்கு ஒரு கொடி நட்டார்கள். கடல்காற்று கொடியை முறிக்காமல் இருக்கக் குழியின் விளிம்பில் அரைவட்டமாகக் கல் அடுக்கினார்கள். இன்றைக்கும் அப்படித்தான். இதில் சரளையின் வேலை என்ன என்பதுதான் சுவாரசியம். பொடி மண்ணில் துகள்களுக்கு இடையே மயிரிழை போன்ற இடைவெளிகள் இருக்கின்றன. அந்த வழியாக நீர் தானாகவே மேலேறி வந்து வெயிலில் ஆவியாகிவிடும். சரளையில் இடைவெளிகள் பெரியவை. நீரால் அவற்றைப் பற்றிக்கொண்டு ஏற முடியாது. மழைநீர் அதன் வழியே சட்டென்று கீழே இறங்கும், திரும்பி மேலே வர வழி இருக்காது. விளைநிலத்தை மூடிய அதே சரளை அந்த நிலத்தின் ஈரத்துக்கு மூடியாகிவிட்டது.

கிரேக்க நாட்டுச் சாண்டோரினித் தீவில் கதை கொஞ்சம் வேறு. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் அங்கே வெடித்த எரிமலை தீவின் நடுப்பகுதியையே காணாமல் ஆக்கியது. எஞ்சிய நிலத்தின்மேல் சாம்பலும் நுரைக்கல்லும் குவிந்தன. நாம் குதிகால் தேய்க்கிறோமே, அந்தக் கல்தான் நுரைக்கல். எரிமலைக் குழம்புக்குள் இருந்த வாயு கொப்பளித்து வெளியேறும்போதே குழம்பு உறைந்துவிட்டதால் உள்ளே எல்லாம் ஓட்டை. அந்த ஓட்டைகள் மழைநீரையும் கடலிலிருந்து வரும் பனிமூட்டத்தின் ஈரத்தையும் பிடித்துவைத்து, கோடையில் வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. காற்று பலமாக வீசுவதால் அங்கே பந்தல் போடுவதில்லை. கொடியையே கூடைபோல் தரையில் சுற்றிவிடுகிறார்கள், காய் கூடைக்குள் மறைவாகப் பழுக்கிறது.

1860-களில் அமெரிக்காவிலிருந்து பிரான்ஸுக்குள் நுழைந்த ஃபிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைச் சூறையாடியது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டித்தான் மீண்டார்கள், இன்றும் பெரும்பாலான தோட்டங்கள் ஒட்டுச்செடிதான். சாண்டோரினிக்கு அந்தத் தொல்லை இல்லை. களிமண் காய்ந்து வெடிக்கும் பிளவுகள் வழியாகத்தான் இந்தப் பூச்சி வேருக்கு வேர் போகும். களி அதிகம் இல்லாத, பொலபொலவென்ற சாம்பலில் அதற்குப் பாதை கிடைப்பதில்லை. இதையும் நெருப்பின் மகிமை என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். போர்ச்சுகலில் லிஸ்பன் அருகே கொலாரெஸ் என்ற ஊரில் வெறும் கடற்கரை மணலில் நட்ட கொடிகளும் இதே காரணத்தால் தப்பின. அந்தக் கணக்கில் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை நம் கரைமணலும் அந்தப் பூச்சிக்கு ஆகாத இடம்தான்! என்ன, மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் புகுந்து கிடக்கிறது. திராட்சைக்கு உப்பு ஒத்துக்கொள்ளாது.

எரிமலை மண் எல்லாம் ஒன்று என்றும் நினைத்துவிடக் கூடாது. நாசிக் திராட்சையும் எரிமலைப் பாறைமேல் விளைவதுதான். தக்காணத்தில் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பாய்ந்த குழம்பு பசால்ட் பாறையாகி, சிதைந்து, பல இடங்களில் கருப்புக் களிமண் ஆகிவிட்டது. இது நீரைக் கட்டிப்போடும், காய்ந்தால் வெடிக்கும். லான்சரோட்டே சரளைக்கு நேர் எதிர்க்குணம். ஆக, எரிமலையிலிருந்து வந்தது என்பதைவிட, வந்து எவ்வளவு காலம் ஆனது, இப்போது கல்லா களியா என்பதுதான் கொடிக்கு முக்கியம்.

சரி, ருசி? வேர் பாறையைக் கரைத்து உறிஞ்சிப் பழத்தில் ஏற்றுவதில்லை. நீரில் கரைந்த பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் போன்ற அயனிகளைத்தான் எடுக்கிறது, அவற்றைத் தரும் மண் எரிமலையோடதா ஆற்றோடதா என்று அதற்குத் தெரியாது. பாறைக்கென்று நாக்கில் உணரும் சுவையும் கிடையாது. அலெக்ஸ் மால்ட்மன் என்ற பிரிட்டன் நிலவியலாளர் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார். மறைமுகமான வழி ஒன்று உண்டு. பழச்சாற்றில் பொட்டாசியம் கூடினால் அது டார்டாரிக் அமிலத்தோடு சேர்ந்து உப்பாகப் படிந்து, புளிப்பு மட்டுப்படும். சாண்டோரினி மண்ணில் பொட்டாசியம் குறைவு. அந்தச் சுட்டெரிக்கும் வெயிலிலும் அசிர்டிகோ என்ற வெள்ளைத் திராட்சை புளிப்பை இழக்காமல் இருப்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

அப்புறம் ‘ஆர்கானிக்’. வறட்சியும் காற்றும் உள்ள தீவில் இலை ஈரமாக நிற்பதே அரிது. பூஞ்சைக்கு வேலை குறைவு, மருந்தும் குறைவாகப் போதும். கொளத்தூரில் மொட்டைமாடியில் கொடி வளர்ப்பவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். ஐப்பசி மழையில் இலையின் மேல் எண்ணெய் பட்டதுபோல் மஞ்சள் திட்டு, திருப்பிப் பார்த்தால் வெள்ளைப் பூஞ்சை: அடிச்சாம்பல் நோய். 1885-இல் மில்லார்டே என்ற பிரெஞ்சுக்காரர் இதற்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை அறிவித்தார். இயற்கை வேளாண்மையில் இந்தத் தாமிர மருந்துக்கு இன்றும் அனுமதி உண்டு. ஐரோப்பாவில் ஏழு ஆண்டுக்கு எக்டேருக்கு 28 கிலோ தாமிரம் என்பது உச்சவரம்பு. தாமிரம் மட்கிப்போகாது, மண்ணிலேயே தங்கும். ஆர்கானிக் என்றால் மருந்தே அடிக்காதது என்று நம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஜாடிக்குள் நடப்பதற்கு எந்த மண்ணானாலும் ஒரே கணக்குதான். ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரையை ஈஸ்ட் தின்றால் ஒரு சதவீத ஆல்கஹால். லிட்டருக்கு 160 கிராம் சர்க்கரை உள்ள சாறு ஒன்பது சதவீதத்தைத்தான் எட்டும். நம் வீடுகளில் சர்க்கரை கொட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். பழத்தோலில் இருக்கும் வெள்ளைப் பூச்சை ஈஸ்ட் என்று பலரும் சொல்வார்கள், அது மெழுகு. தோலில் இருக்கும் காட்டு ஈஸ்ட்டுகள் வேலையைத் தொடங்கும். ஆல்கஹால் நாலைந்து சதவீதத்தைத் தாண்டியதும் அவற்றில் பெரும்பாலானவை ஓய்ந்துபோய், சாக்கரோமைசஸ் செரிவிசியே என்ற இனம் பொறுப்பேற்கும். காற்று புகுந்தால் ஒருவகை பாக்டீரியா ஆல்கஹாலை வினிகராக்கிவிடும்.

அதைத் தடுக்கத்தான் தொழிற்கூடங்கள் கந்தக டை ஆக்சைடு சேர்க்கின்றன. ஐரோப்பிய ஆர்கானிக் விதி இதையும் முழுதாகத் தடுக்கவில்லை: இனிப்பில்லாத சிவப்பு ஒயினில் சாதாரண வரம்பு லிட்டருக்கு 150 மில்லிகிராம், ஆர்கானிக் என்றால் 100. அமெரிக்காவில் ‘ஆர்கானிக் ஒயின்’ என்று போட வேண்டுமானால் துளியும் சேர்க்கக் கூடாது. ஆனால் ஈஸ்ட்டே நொதிக்கும்போது கொஞ்சம் சல்ஃபைட் (லேபிளில் கந்தக டை ஆக்சைடைக் குறிக்கும் பெயர்) உண்டாக்கும். லிட்டருக்கு பத்து மில்லிகிராமைத் தாண்டினால் ‘சல்ஃபைட் உள்ளது’ என்று அச்சிட்டாக வேண்டும் என்பது ஐரோப்பிய விதி, அதனால் யாரும் எதுவும் சேர்க்காத பாட்டிலிலும் அந்த வரி இருக்கலாம்.