அந்த புக்கைப் பிடுங்கி வச்சுட்டா ஹேக்கிங் நின்னுடுமா?

ஸ்கூல் போர்ட்டல்ல இன்டர்னல் மார்க் மாறியிருக்கு வந்து பாருங்கன்னு கூப்பிட்டாங்க, போய் யார் எப்போ உள்ள நுழைஞ்சாங்கங்கிற பதிவை எடுத்துப் பார்த்தா ப்ளஸ் ஒன் படிக்கிற பையன். சைபர் செக்யூரிட்டி பார்க்கிற என் வேலையில இதெல்லாம் சகஜம். ஆனா இந்த தடவை அவங்கப்பா பையனோட பேக்லேர்ந்து ஒரு புக்கை எடுத்து பிரின்சிபால் மேஜை மேல போட்டு, "எல்லாம் இதைப் படிச்சு வந்த வினை சார்"னாரு. கோரி டாக்டரோவ் எழுதின 'லிட்டில் பிரதர்'. இதே புக் மேல இதே பழியை ஏற்கனவே வேற வேற ஆளுங்க வாயால கேட்டு அலுத்துப் போச்சு, அதான் இந்தப் பதிவு.

படிக்காதவங்களுக்கு ரெண்டு வரி. 2008ல வந்த நாவல். சான் ஃபிரான்சிஸ்கோவுல 17 வயசுப் பையன் மார்க்கஸ், பே பிரிட்ஜை தீவிரவாதிங்க வெடி வச்சுத் தகர்த்த அன்னைக்கு கிளாஸ் கட் அடிச்சுட்டு வெளிய சுத்திட்டு இருந்த பாவத்துக்கு ஹோம்லேண்ட் செக்யூரிட்டி (அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை) ஆளுங்ககிட்ட மாட்டிக்கிறான். வெளிய வந்தப்புறம் ஊர் முழுக்க கண்காணிப்பு. எக்ஸ்பாக்ஸ்ங்கிற கேம் மெஷின்ல லினக்ஸ்ங்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டு, ஃப்ரெண்ட்ஸ் கூட ரகசிய நெட்வொர்க் கட்டி எதிர்த்து நிக்கிறான். அவ்ளோதான்.

இதைப் பத்தி பெத்தவங்க, டீச்சருங்க சொல்ற முதல் கருத்து, "பசங்களுக்கு ஹேக்கிங் சொல்லிக் குடுக்குது." நம்ம ஊர்லதான் இப்படின்னு நினைக்காதீங்க. 2014ல ஃப்ளோரிடாவுல பென்சகோலா ஊர்ல ஒரு ஸ்கூல் இதை எல்லாரும் சேர்ந்து படிக்கிற புக்கா வச்சிருந்தாங்க, பிரின்சிபால் அந்த நிகழ்ச்சியையே நிறுத்திட்டாரு. பப்ளிஷர் சும்மா இல்லாம அந்தப் பசங்களுக்குன்னே 200 காப்பி ஃப்ரீயா அனுப்பி வச்சாங்க.

சரி, நம்ம பையன் என்னதான் பண்ணான்? கொஞ்சம் பொறுமையா கேளுங்க, ஏன்னா இதை எத்தனை தடவை சொன்னாலும் யார் மண்டையிலயும் ஏற மாட்டேங்குது. அவன் எந்த புரோகிராம் கோடும் எழுதல. கருப்பு ஸ்க்ரீன்ல பச்சை எழுத்து ஓடல. அவன் லேப்டாப்ல பைத்தான்ங்கிற புரோகிராமிங் மொழி கூட கிடையாது. கிளாஸ் மிஸ் ஒரு நாள் "தம்பி, நீ கம்ப்யூட்டர் நல்லா பார்ப்பியே, இந்த மார்க்கை ஏத்திடு"ன்னு தன்னோட லாகின்ல உக்கார வச்சிருக்காங்க. பாஸ்வேர்ட் ஸ்கூல் பேரு, பின்னால ஒன் டூ த்ரீ. மானிட்டருக்குக் கீழ மஞ்சள் ஸ்டிக்கர்ல எழுதி வேற ஒட்டியிருக்கு, நானே பார்த்தேன். அன்னைக்கு ராத்திரி வீட்டு வைஃபைலேர்ந்து அதே பாஸ்வேர்டைப் போட்டு உள்ள போயி தனக்கும் ரெண்டு ஃப்ரெண்டுக்கும் மார்க்கைக் கூட்டிட்டான். இதுக்குப் பேரு ஹேக்கிங்காம், பையன் ஜீனியஸாம். அம்மாவுக்கு அழுகையோட சேர்த்து லேசா பெருமை வேற! சாவி தொங்குற கதவைத் திறந்தவனை யாராவது பூட்டு நிபுணன்னு சொல்வோமா?

இது ஏதோ ஒரு ஸ்கூல் கதை இல்ல. பிரிட்டன்ல தகவல் பாதுகாப்பைக் கவனிக்கிற ஐசிஓ, பள்ளி கல்லூரிகள்ல உள்ளாளுங்களால நடந்த 215 சம்பவங்களை ஆராய்ஞ்சு 2025ல வெளியிட்டாங்க. அதுல 57 சதவீதம் மாணவர்கள் பண்ணது. லாகினைத் திருடி நடந்தது 30 சதவீதம், அந்த 30லயும் கிட்டத்தட்ட எல்லாமே மாணவர்கள்தான். நிஜமாவே நுணுக்கமான டெக்னிக் யூஸ் பண்ணது வெறும் 5 சதவீதம். மத்ததுல நிறைய, எளிதா யூகிக்கிற பாஸ்வேர்ட், பேப்பர்ல எழுதி வச்ச பாஸ்வேர்ட், லாக் பண்ணாம விட்டுட்டுப் போன கம்ப்யூட்டர், இந்த மாதிரி.

பெரிய கேஸே அப்படித்தான். 2020 ஜூலைல பெரிய பெரிய ஆளுங்க ட்விட்டர் அக்கவுண்ட்லேர்ந்தெல்லாம் பிட்காயின் கேட்டு ட்வீட் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? அதுக்கு முக்கியமான ஆளு ஃப்ளோரிடாவுல 17 வயசுப் பையன். ஆரம்பம் எப்படி? கம்பெனி ஊழியர்களுக்கு போன் போட்டு ஐடி டிபார்ட்மென்ட்லேர்ந்து பேசுறோம்னு நம்ப வச்சு லாகினை வாங்கினது. கிடைச்சது 3 வருஷம் சிறை.

அந்த நாவல்லயே முதல் அத்தியாயத்துல ஸ்கூல்ல நடையை வச்சு ஆளை அடையாளம் கண்டுபிடிக்கிற கேமராவை மார்க்கஸ் எப்படி ஏமாத்துறான் தெரியுமா, ஷூவுக்குள்ள கூழாங்கல் போட்டுக்கிட்டு. அதுலயும் புரோகிராம் கோடு இல்ல பாருங்க.

எங்க ஃபீல்டு ஆளுங்க சொல்றது வேற மாதிரி. "பழசாயிடுச்சு, பக்கத்துக்குப் பக்கம் லெக்சர்." லெக்சர்ங்கிறது உண்மைதான், டாக்டரோவ் கதையை நிறுத்திட்டு கிரிப்டோகிராஃபி (தகவலை ரகசியக் குறியீடா மாத்துற கலை) கிளாஸ் எடுப்பாரு. ஆனா ஃபால்ஸ் பாசிட்டிவ், அதாவது இல்லாததை இருக்குன்னு தப்பா காட்டுறது, அதைப் பத்தி வர்ற இடம் ஒண்ணு போதும். பத்து லட்சம் பேர்ல ஒருத்தருக்கு வர்ற நோய், 99 சதவீதம் சரியா சொல்ற டெஸ்ட், ஆனா பத்து லட்சம் பேரையும் டெஸ்ட் பண்ணா அந்த ஒருத்தரோட சேர்த்து நோயே இல்லாத கிட்டத்தட்ட 10,000 பேரும் மாட்டுவாங்க. எஸ்ஓசில (நெட்வொர்க்கை நாள் முழுக்க கண்காணிக்கிற பாதுகாப்பு மையம்) அலர்ட் பார்த்துப் பார்த்து கண்ணு பூத்துப் போறவங்களுக்கு இது நல்லாவே புரியும். புதுசா டீமுக்கு வர்றவங்களை இந்த அத்தியாயத்தைப் படிக்கச் சொல்லிட்டுதான் கன்சோல்ல உக்கார வைப்பேன்.

பசங்க கருத்துதான் எனக்கு உண்மையிலேயே பயம். "அண்ணா, மார்க்கஸ் நல்லதுக்குத்தானே பண்ணான், அப்ப தப்பில்லல்ல?" தம்பி, புக்கை முழுசா படி. பஸ், ரயில்ல யூஸ் பண்ற ட்ரான்சிட் கார்டை குளோன் பண்ணி மாத்திவிட்டு விளையாடுறப்போ சம்பந்தமே இல்லாத ஜனங்கதான் போலீஸ்ல மாட்டி அவதிப்படுறாங்க, அதுல மார்க்கஸோட சொந்த அப்பாவும் ஒருத்தர். அதை அந்த நாவல் மறைக்கல, நீங்கதான் ஸ்கிப் பண்ணிட்டுப் போறீங்க. நம்ம சட்டத்துல அனுமதி இல்லாம அடுத்தவங்க சிஸ்டத்துல நேர்மையில்லாம நுழைஞ்சா ஐடி ஆக்ட் 66. அடுத்தவங்க பாஸ்வேர்டை மோசடியா யூஸ் பண்ணா 66சி. ரெண்டுலயும் 3 வருஷம் வரைக்கும் போகலாம். 18 வயசு ஆகலன்னா சிறார் நீதி வாரியம். "சும்மா பார்த்தேன்"ங்கிறது அங்க பதில் ஆகாது.

டீச்சருங்களே, உங்க வேலையைப் பையன்கிட்ட குடுக்காதீங்க. லாகினை அறவே குடுக்காதீங்க. ஸ்டிக்கரைக் கிழிச்சுப் போடுங்க, இன்னைக்கே. மார்க் போர்ட்டலுக்கு ஓடிபி வைக்கச் சொல்லி நிர்வாகத்துக்கிட்ட கேளுங்க, ஒத்துக்கலன்னா எழுதிக் குடுங்க, அப்புறம் யாரும் உங்களைக் குத்தம் சொல்ல முடியாது.

அப்பா அம்மாக்களுக்கு ஒரே ஒரு கெஞ்சல். மாட்டிக்கிட்டான்னு தெரிஞ்சதும் பதறிப் போயி லேப்டாப்பை ஃபார்மட் அடிச்சுடாதீங்க, போனை உடைக்காதீங்க. நாங்க வர்றதுக்குள்ள இதைப் பண்ணிட்டு உக்காந்திருப்பாங்க. பையன் பண்ணது சின்ன விஷயம்தான்னு காட்டுறதுக்கு இருந்த ஒரே ஆதாரம் அதுலதான் இருந்திருக்கும், இப்போ சாட்சியை அழிச்ச மாதிரி ஆயிடுச்சு. ஆஃப் பண்ணி அப்படியே வச்சிருங்க, வக்கீல் கிட்ட பேசுங்க. அடிக்கவும் வேணாம்.

ஆசை இருக்கிற பசங்களுக்கு வழியா இல்ல? பிக்கோசிடிஎஃப்னு ஒரு ஹேக்கிங் போட்டியை கார்னகி மெலன் யுனிவர்சிட்டி ஸ்கூல் பசங்களுக்காகவே நடத்துறாங்க, ஃப்ரீ. ஓவர்தவயர்ங்கிற சைட்ல பேண்டிட்னு ஒரு கேம் இருக்கு, ஆடிப் பாரு, லினக்ஸ் தன்னால வரும். உன் சொந்த மெஷின்ல விர்ச்சுவல்பாக்ஸ் (கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு போலி கம்ப்யூட்டரை ஓட்டுற சாஃப்ட்வேர்) போட்டு எவ்ளோ வேணா உடை. பக் பவுன்டின்னா, அதாவது ஓட்டையைக் கண்டுபிடிச்சுச் சொன்னா கம்பெனி பரிசு குடுக்கிற திட்டம்னா, அந்த கம்பெனி ஸ்கோப்ல (எதை எதை சோதிக்கலாம்ங்கிற எல்லைல) என்ன எழுதியிருக்கோ அது மட்டும், ஒரு டொமைன் கூட தாண்டாத. ஸ்கூல் சிஸ்டத்துல ஓட்டையைப் பார்த்தா உள்ள போயி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்காத, அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போயி பிரின்சிபால்கிட்ட எழுத்துல குடு.

அந்த அப்பா கிளம்பும்போது புக்கை என்ன பண்றதுன்னு கேட்டாரு. நீங்க முதல்ல படிங்க சார்னேன். சித்திரவதை காட்சி வருது, காதல் விஷயமும் கொஞ்சம் வருது, அதனால சின்னப் பசங்களுக்கு வேணாம், 14 வயசுக்கு மேல தாராளமா குடுக்கலாம். இன்னொண்ணு, எழுத்தாளரே தன் சைட்ல கிரியேட்டிவ் காமன்ஸ்ங்கிற, மத்தவங்க பகிர அனுமதிக்கிற லைசென்ஸ்ல இதை ஃப்ரீயா போட்டிருக்காரு. டெலிகிராம் குரூப்ல பிடிஎஃப்னு தேடி, ஏதோ ஏபிகே ஃபைலை (ஆண்ட்ராய்டு ஆப்போட ஃபைல், வைரஸ் இருக்கலாம்) இன்ஸ்டால் பண்ணிட்டு அப்புறம் எனக்கு போன் அடிக்காதீங்க.