கோஸி மிஸ்டரி: சொகுசும் இல்லை, மர்மமும் இல்லை

துப்பறியும் நாவல் பிரியர்களுக்கு அடுத்து என்ன படிக்கலாம் என்று சொல்லும் பட்டியல்களில் ‘சொகுசு மர்மம்’ என்ற பிரிவைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. கோஸி மிஸ்டரி என்ற ஆங்கிலத் துப்பறியும் நாவல் வகைக்குத் தமிழாம். பக்கத்திலேயே ‘வரலாற்று மர்மம்’ என்று இன்னொன்று. இது பழங்காலத்தில் நடக்கும் துப்பறியும் கதையான ஹிஸ்டாரிக்கல் மிஸ்டரிக்கு. இரண்டுமே வாசகரைத் தவறான அலமாரிக்கு அனுப்புகின்றன.

‘கோஸி’ ஸ்காட்லாந்து வழக்கிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. குளிருக்கு அடக்கமாக, கதகதப்பாக இருப்பது என்று பொருள். தேநீர்க் கெண்டி ஆறாமலிருக்கப் போர்த்தும் உறைக்கும் அதே பெயர். ‘மிஸ்டரி’க்கு மூலம் கிரேக்கம், மறைவாக நடத்தும் சமயச் சடங்கைக் குறித்த சொல். வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும்.

சொகுசு என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? சொகுசுப் பேருந்து, சொகுசுக் கப்பல், சொகுசு பங்களா. காசு உள்ளவன் அனுபவிப்பது. கோஸி நாவலில் அதுவா இருக்கிறது? 1930-இல் வெளிவந்த அகதா கிறிஸ்டியின் ‘தி மர்டர் அட் த விக்கரேஜ்’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். செயின்ட் மேரி மீட் என்ற சின்ன கிராமம். அங்கே மிஸ் மார்ப்பிள் என்ற வயதான பெண்மணி. பதவி இல்லை, துப்பாக்கி இல்லை. அக்கம்பக்கத்துப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு, மனிதர்களை எடைபோட்டே கொலையாளியைப் பிடித்துவிடுகிறார். தொழில்முறை அல்லாத துப்பறிவாளர், எல்லாரும் எல்லாரையும் அறிந்த சிறிய வட்டம், கண்முன் நடக்காத வன்முறை, கடைசியில் எல்லாம் ஒழுங்குக்குத் திரும்புவது. இவ்வளவுதான் கோஸி. இந்த மரபில் எழுதப்படும் நூல்களுக்காக அமெரிக்காவில் அகதா விருது கொடுக்கிறார்கள். அங்கேயும் அளவுகோல் இதுதான்: அப்பட்டமான பாலுறவுக் காட்சி கூடாது, மிதமிஞ்சிய ரத்தம் கூடாது. சொகுசு பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

‘வசதியான மர்மம்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. யாருக்கு வசதி, கொலைகாரனுக்கா?

இதைவிடப் பெரிய கோளாறு ‘மர்மம்’ என்ற பாதியில் இருக்கிறது. ஆங்கிலத்தில் மிஸ்டரி என்றால் புதிரும் உண்டு, அந்தப் புதிரை வைத்து எழுதிய நாவலும் உண்டு. தமிழில் மர்மம் என்றால் புதிர் மட்டும்தான். அதனால்தான் நாம் ‘மர்ம நாவல்’, ‘மர்மக் கதை’ என்று ஒட்டுப் போட்டே பேசிவந்தோம். ஒட்டை வெட்டிவிட்டால் பொருள் கவிழ்ந்துவிடும். ஆதித்த கரிகாலன் கொலைக்குப் பின்னால் யார் யார் இருந்தார்கள் என்பது வரலாற்று மர்மம். எல்லிஸ் பீட்டர்ஸ் 1977-இல் தொடங்கிய காட்ஃபேல் நாவல் வரிசை அப்படியல்ல. பன்னிரண்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், சிலுவைப் போருக்குப் போய்வந்து துறவியாகி மூலிகைத் தோட்டம் பார்க்கும் காட்ஃபேல் துப்பறிகிறார். காலம் வரலாறு, கொலை கற்பனை. இதை வரலாற்று மர்மம் என்று சொன்னால், உண்மைச் சம்பவ ஆராய்ச்சி என்று நினைத்து ஒருவர் வாங்கி ஏமாறுவார். கதை தேடுகிறவர் ஒதுக்கிவிட்டுப் போவார்.

வரலாற்று மர்மம் உண்மையிலேயே உள்ளே இருக்கிற நாவல் ஒன்று உண்டு. ஜோசஃபின் டே எழுதிய ‘த டாட்டர் ஆஃப் டைம்’, 1951. காலொடிந்து மருத்துவமனையில் படுத்திருக்கும் போலீஸ் அதிகாரி, இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்ட் தன் அண்ணன் பிள்ளைகளைக் கொன்றாரா என்று படுக்கையிலிருந்தே விசாரிக்கிறார். அது வரலாற்று மர்மத்தைப் பற்றிய துப்பறியும் நாவல். வேறுபாடு புரிகிறதா? அந்தப் புதிருக்கும் நாவல் வகைக்கும் ஒரே பெயர் வைத்தால் டேயின் நாவலை எப்படி அறிமுகப்படுத்துவது?

அப்புறம் தூய தமிழ்க்காரர்களின் ‘புலனாய்வுப் புதினம்’. எனக்கும் தமிழ்ச்சொல் மேல் ஆசைதான். ஆனால் புலனாய்வு என்றாலே காவல்துறை, சிபிஐ, கோப்பு, குற்றப்பத்திரிகை. மிஸ் மார்ப்பிள் புலனாய்வு செய்கிறார் என்று எழுதினால் சிரிப்பு வருகிறது. ‘ஒற்று’ அதைவிட மோசம். திருக்குறளில் ஒற்றாடல் அதிகாரம் அரசனின் வேவுகாரரைப் பற்றியது; உளவு நாவலுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். துப்பு என்ற அழகான சொல் கைவசம் இருக்க இந்தச் சுற்றுவழி எதற்கு?

ஆக, ஹிஸ்டாரிக்கல் மிஸ்டரிக்கு வரலாற்றுத் துப்பறியும் நாவல். கோஸிக்கு இதமான துப்பறியும் நாவல். இதம் வடமொழி என்று சிலர் கிளம்புவார்கள். கிளம்பட்டும். கொலை எப்படி இதமாகும் என்றும் கேட்பார்கள். கொலை இதமில்லை, வாசிப்பு இதம். ‘நாவல்’ என்ற சொல் பின்னால் நிற்பதால் அந்தக் குழப்பமே வராது. ‘இதமான மர்மம்’ என்று வெட்டினால்தான் வரும்.

இந்தச் சொற்களைப் போடுகிறவர்கள் அகராதியைப் புரட்டுகிறார்கள், நாவலைப் புரட்டுவதில்லை என்பதுதான் என் சந்தேகம். புரட்டியிருந்தால் பழங்காலத்துக் கதையையெல்லாம் இதமான பட்டியலில் கொட்டமாட்டார்கள். காட்ஃபேல் அங்கே இருக்கலாம். மார்ப்பிள் பிடித்தவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் அதைத்தான். சி. ஜே. சான்சம் 2003-இல் எழுதிய ‘டிசல்யூஷன்’ அங்கே இருக்கக் கூடாது. மன்னர் எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்த காலத்தின் இருட்டு முழுக்க அதில் இருக்கிறது. உம்பர்ட்டோ எக்கோவின் ‘தி நேம் ஆஃப் த ரோஸ்’ ஷெர்லாக் ஹோம்ஸ் ரசிகர்களுக்கான விருந்து. 1327-இல் நடக்கும் அந்தக் கதையின் துறவிக்கு ஹோம்ஸ் நாவலான ‘தி ஹவுண்ட் ஆஃப் த பாஸ்கர்வில்ஸ்’ நினைவுக்கு வர பாஸ்கர்வில் என்று பெயர் வைத்திருப்பதே ஹோம்ஸுக்கு அடிக்கும் சலாம்தான். ஆனால் அதிலும் இதம் தேடக் கூடாது.

எழுத்தாளர் பெயரை மட்டும் பார்த்துப் பிரிப்பதும் ஆபத்து. கிறிஸ்டியே பண்டைய எகிப்தில் நடக்கும் ‘டெத் கம்ஸ் ஆஸ் தி எண்ட்’ எழுதியிருக்கிறார். ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்துப் பிணம் விழுகிறது. அது வரலாற்றுத் துப்பறியும் நாவல், சந்தேகமில்லை. இதமான பட்டியலில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.