சுத்தியலை எடுக்கும் முன் கண்ணாடியைப் போடுங்கள்

எங்கள் ஆய்வகத்தில் இப்படி நடப்பது இது மூன்றாவது முறை.

"பளபளன்னு இருந்துச்சு சார், உலோகம்னு நினைச்சு அடிச்சேன்." கன்னத்தில் பஞ்சை அழுத்தியபடி சொன்னான் அந்த மாணவன். மேசையெங்கும் சாம்பல் நிறச் சில்லுகள். தகடாகிறதா என்று பார்க்கச் சிலிக்கான் கட்டியைச் சுத்தியலால் அடித்திருக்கிறான், தெறித்துவிட்டது. ஒரு விரற்கடை மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும். பாதுகாப்புக் கண்ணாடியோ இழுப்பறைக்குள் பத்திரமாக இருந்தது.

எனக்கு எரிச்சல் அவன்மேல் இல்லை. 'பளபளத்தால் உலோகம்' என்று அவன் மனப்பாடம் செய்த அந்த ஒற்றை வரிமேல்தான்.

அயோடின் படிகத்தைக் குப்பியில் பாருங்கள், கருமையாக மினுங்கும். அது அலோகம். பென்சில் முனையிலுள்ள கிராஃபைட் மினுங்குவதோடு மின்சாரத்தையும் கடத்தும். அதுவும் அலோகமான கார்பன்தான். சிலிக்கான், ஜெர்மானியம், ஆண்டிமனி மூன்றுக்கும் நல்ல பளபளப்பு உண்டு. மூன்றும் உலோகப்போலிகள், அதாவது உலோகத்துக்கும் அலோகத்துக்கும் இடைப்பட்ட தனிமங்கள், அடித்தால் நொறுங்குபவை. சோடியத்தைக் கத்தியால் நறுக்கினால் வெட்டிய முகம் வெள்ளியாக மின்னும். பக்கத்திலிருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள் மங்கிவிடும். மங்கிவிட்டதால் அது உலோகமில்லை என்பீர்களா? 'கெட்டியாக இருந்தால் உலோகம்' என்பதும் இதே ரகம். வைரம் அலோகம். காலியம் உலோகம், ஆனால் 29.8 டிகிரி செல்சியஸில், உள்ளங்கையிலேயே உருகிவிடும்.

(உலோகப்போலி என்றால் கலப்படம் என்று விடைத்தாளில் எழுதியவர்களும் உண்டு. இல்லை அப்பா, அது தனிமமேதான்.)

உருப்படியான சோதனை வேண்டுமா? சூடாக்கிப் பாருங்கள். உலோகத்தில் மின்கடத்தல் குறையும், சிலிக்கானில் கூடும். தனிம வரிசை அட்டவணையில் உலோகங்களையும் அலோகங்களையும் பிரிக்கப் போரானிலிருந்து படிக்கட்டாக இறங்கும் கோட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். அலுமினியம் அதை ஒட்டியே இருக்கிறது, ஆனால் உலோகம். ஹைட்ரஜன் இடது ஓரத்தில் உலோகங்களின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அலோகம். அரிய கதிரியக்கத் தனிமமான அஸ்டட்டைனை எங்கே சேர்ப்பது என்பதில் வேதியியலாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இன்னதென்று தெரியாத கட்டியை அடிக்காதீர்கள். தெரிந்த கட்டி என்றாலும் கண்ணாடி போட்டு, துணியில் சுற்றி, மிளகளவுத் துண்டைத்தான் அடிக்க வேண்டும். சோடியம், பொட்டாசியம் பக்கம் சுத்தியலே போகக்கூடாது. மண்ணெண்ணெயிலிருந்து அவற்றை எடுக்க விரல் வேண்டாம், இடுக்கி இருக்கிறது. நறுக்கிய மிச்சத்தைக் கழுவுதொட்டியில் போடாதீர்கள், தண்ணீர் பட்டால் தீப்பிடித்து வெடிக்கும். 'அலோகம்தானே' என்று வெள்ளைப் பாஸ்பரஸைத் தண்ணீருக்கு வெளியே விட்டுவிடாதீர்கள், தானாகவே பற்றிக்கொள்ளும்.

ஆசிரியர்களே, உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். தகடாகும் தன்மையைக் காட்டச் செம்புக் கம்பி போதும், நொறுங்குவதைக் காட்டக் கந்தகம் போதும். சிலிக்கானை, மின்கடத்தலைச் சோதிக்கும் மல்டிமீட்டரோடு மட்டும் கொடுங்கள்.

இன்று காலை அந்த இழுப்பறையைக் காலி செய்துவிட்டேன். கண்ணாடிகள் இனி கதவருகே ஆணியில் தொங்கும், சுத்தியல் என் அலமாரியில் இருக்கும்.