பல்கருவியா, கூட்டுக்கருவியா?

குன்னூர்க் கடைவீதியில் இரும்புச் சாமான் விற்கும் பெரியவர் ஒருவரிடம், "ஐயா, பல்கருவி இருக்கிறதா?" என்று கேட்டேன். "அதெல்லாம் பல் டாக்டர்கிட்டதான் தம்பி இருக்கும்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை; அவருக்கு அப்படித்தான் கேட்டிருக்கிறது. 'மல்ட்டி டூல்' என்று திருத்திச் சொன்னதும் கண்ணாடி அலமாரியைத் திறந்து மூன்றை எடுத்து வைத்தார். குறடு, கத்தி, திருப்புளி எல்லாம் ஒரே பிடியில் மடங்கியிருக்கும் அந்தக் கருவியைத் தமிழில் எப்படி அழைப்பது என்பதுதான் என் கேள்வி.

இலக்கணப்படி 'பல்கருவி' பிழையான சொல் அன்று. 'பல' என்பது ஈற்று அகரம் கெட்டு 'பல்' என நின்று புணர்வதைப் பல்கலைக்கழகத்திலும் பல்பொருள் அங்காடியிலும் நாள்தோறும் பார்க்கிறோம். ஆயினும் தனியாகக் காதில் விழும்போது அது பல்லைத்தான் நினைவூட்டுகிறது. அதிலும் நீலகிரியில் கேட்கவே வேண்டாம். கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி என ஏறும் மலை இரயில், தண்டவாளங்களின் நடுவே பதித்த பற்சட்டத்தைப் பற்சக்கரத்தால் கவ்விக்கொண்டுதான் 1899 முதல் மேலே வருகிறது. அந்த முறையை வகுத்த ரோமன் ஆப்ட் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன், ஏனெனில் நம் சொல்லின் கதையும் அந்த நாட்டுக்குத்தான் போகப்போகிறது.

'மல்ட்டி டூல்' என்பதே ஓர் ஒட்டுச்சொல். முன்பாதி 'பல, மிகுதி' எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பின்பாதி, 'செய்தல், ஆயத்தப்படுத்தல்' என்னும் கருத்தில் பிறந்த பழைய ஜெர்மானியச் சொல். பெயர் புதியது, பொருள் பழையது. கரண்டி, முள், கத்தி முதலியவை ஒரே பிடியில் மடங்கும் உரோமானியர் காலத்துக் கருவி ஒன்று கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் உள்ளது. இக்கால வடிவம் 1891இல், கத்தி, டின் திறப்பான், திருப்புளி, துளையூசி ஆகியவற்றோடு சுவிஸ் படைவீரருக்கு வழங்கப்பட்ட கத்தியில் தொடங்குகிறது. கார்ல் எல்செனர் என்னும் கத்திக் கொல்லர் 1897இல் பதிவுசெய்த அதிகாரிகளின் கத்தியில், ஒரே ஸ்பிரிங்கை வைத்துப் பிடியின் இரு புறமும் அலகுகளை அமைத்தார். அதன் நீண்ட ஜெர்மன் பெயர் இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க வீரர்களின் வாயில் நுழையவில்லை. 'சுவிஸ் ஆர்மி நைஃப்' என்று அவர்கள் சொன்னதே உலகப் பெயராயிற்று. பிறகு, 1975இல் பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றிய டிம் லெதர்மேன் என்னும் அமெரிக்கர், ஓயாமல் பழுதான காரோடும் ஒழுகும் விடுதிக் குழாய்களோடும் மல்லுக்கட்டி, கத்தி இருந்து என்ன, குறடு இல்லையே என்று நொந்துகொண்டார். அவர் வடிவமைத்த, குறடே நடுவாக அமைந்த கருவி 1983இல் விற்பனைக்கு வந்தது. இன்று நாம் மல்ட்டி டூல் என்றதும் மனத்தில் தோன்றுவது அந்த உருவந்தான்.

தமிழில் இதற்கு அருகிலுள்ள பழைய சொற்கள் இரண்டு. ஒன்று பேனாக்கத்தி; இறகுப் பேனாவைச் சீவிய காலத்தின் எச்சம். மற்றொன்று மடக்குக்கத்தி. இரண்டிலும் கத்தியே தலைமை. 'பன்னோக்குக் கருவி' என்று சிலர் எழுதுகிறார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். தேயிலைத் தோட்டத்துக் கவாத்துக் கத்தியைப் பாருங்கள்: செடியைக் கவாத்து செய்யவும், முளைக்குச்சியைச் சீவவும், உர மூட்டையின் தையலை அறுக்கவும் அந்த ஒரே அலகு போதும். நோக்கம் பல, கருவி ஒன்று. ஆகவே அதுதான் பன்னோக்குக் கருவி. மல்ட்டி டூலில் கருவிகளே பல, அவை குடியிருக்கும் பிடி ஒன்று.

இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியமானது என்பதை, இக்கருவியின் ஆர்வலர்கள் புதிய வடிவமைப்பில் எதைக் கேட்கிறார்கள் என்பதிலிருந்து அறியலாம். எண்ணிக்கையை அவர்கள் கேட்பதில்லை. சென்ற மார்கழியில் கோத்தகிரிப் பக்கம் நண்பர் ஒருவரின் தோட்டத்தில், இலை அறுக்கும் இயந்திரத்தின் முடுக்குக் கம்பி பாதியில் கழன்றுவிட்டது. அவர் ஒரு கையால் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கருவியைத் திறக்க முயன்றார். பதினெட்டு அலகுகள் கொண்ட அந்தப் பழைய கருவியில் ஒவ்வோர் அலகையும் நகத்தைக் கொடுத்து நெம்பித்தான் எடுக்க வேண்டும். உறைபனிக் காலையில் மரத்துப்போன விரலில் நகந்தான் பிளந்ததே தவிர அலகு வெளியே வரவில்லை. கடைசியில் பல்லால் கடித்து இழுத்தார். (பல்கருவி என்ற பெயர் அந்தக் கணத்தில் மட்டும் பொருந்திற்று.) ஒரு கையால் திறக்க வேண்டும், பிடியை விரிக்காமலே கத்தியும் அரமும் வெளிப்புறத்திலிருந்து வர வேண்டும், வந்த அலகு விரலின் மேல் மடங்காதபடி பூட்டிக்கொள்ள வேண்டும் என்று அவரைப் போன்றோர் கேட்பதன் காரணம் இதுதான். வெளிப்புற அலகுகள் 1998இலும், காந்தத்தால் பிடித்து நிறுத்தும் அமைப்பு 2019இலும் லெதர்மேன் கருவிகளில் வந்தன. ஆனாலும் விலையைப் பார்த்தால் தோட்டக்காரர் கை பின்வாங்குகிறது.

மற்ற விருப்பங்களும் இதே திசையில்தான் போகின்றன. கம்பி வெட்டும் பகுதி மழுங்கினால் அதை மட்டும் மாற்ற முடிய வேண்டும். ரிவெட் அடித்து மூடாமல் திருகாணியால் இணைத்திருந்தால், கூடலூர் மழையில் நனைந்ததைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விடலாம். எந்தக் கடையிலும் கிடைக்கும் கால் அங்குல அறுகோணப் பிட் (திருப்புளியில் மாற்றிப் பொருத்தும் முனை) நேராகப் பொருந்த வேண்டும். இன்னொரு கோரிக்கை கத்தியே இல்லாத கருவி. கத்தியுள்ளதைப் பெரும்பாலும் விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது. பல நாடுகளில் கத்திச் சட்டங்களும் கடுமையாகி வருகின்றன. கத்தியில்லாத வடிவங்களை உருவாக்கி வருவதாக எல்செனர் தொடங்கிய விக்டோரினாக்ஸ் நிறுவனமே 2024இல் அறிவித்தது. கத்தி போன பிறகு 'சுவிஸ் கத்தி' என்ற பெயரை எதன்மேல் நிறுத்துவது?

ஆகவே நம் சொல் உறுப்புகளில் எதையும் சாராமல், அவை சேர்ந்து நிற்கும் நிலையைச் சுட்ட வேண்டும். வியப்பு என்னவென்றால், 'கருவி' என்ற சொல்லிலேயே அந்தப் பொருள் இருந்திருக்கிறது. 'கருவி தொகுதி', அதாவது கருவி என்றால் பலவற்றின் திரட்சி, என்கிறது தொல்காப்பிய உரியியல். சங்கப் பாட்டில் 'கருவி வானம்' என வந்தால், இடி, மின்னல், மழை எல்லாம் திரண்ட மேகம் என்று உரை எழுதுவார்கள். கோடநாட்டுப் பக்கம் ஐப்பசி மாலையில் நின்று பார்த்தவருக்கு அந்த உரையே தேவைப்படாது. பழம்பொருளில் எடுத்துக்கொண்டால் 'கருவி' என்ற ஒற்றைச் சொல்லே மல்ட்டி டூலுக்குப் போதும். ஆனால் இன்று கருவி என்றால் தனி ஒன்று என்றே கொள்கிறோம். எனவே 'கூட்டுக்கருவி' என்பதை நான் முன்வைக்கிறேன். கூட்டுக்குடும்பம் போல, ஒரு கூரையின் கீழ் பலர். ஒருவர் வெளியே போனாலும் வீட்டின் பெயர் மாறாது. பொரியலும் கூட்டும் நினைவுக்கு வருமே என்பார் வரட்டும், பல் மருத்துவர் வருவதைவிட அது மேல்.

உறுப்புகளுக்கும் பெயர் சிக்கலின்றி அமைகிறது: குறடு, அரம், துளையூசி, திருப்புளி, கீல், நகத்தைக் கொடுக்கும் பள்ளத்துக்கு நகக்குழி. 'பிட்' மட்டும் அகப்படவில்லை. திருப்பும் முனைதானே, 'திருப்புமுனை' என்று ஒருநாள் எழுதிப் பார்த்தேன். "என் சட்டைப் பையில் ஆறு திருப்புமுனைகள் உள்ளன" என்று வந்தது. பிட் பிட்டாகவே இருக்கட்டும்.